அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல ஃப்ளாக் மழை: ரெஃப்களை யார் கேக்குறது?

கொங்குக்காளை_டெம்பி:
வர வர சனிக்கிழமை மேட்ச் பாக்கறதே எரிச்சலா இருக்குதுங்க. நம்ம பையன் அறுபது யார்டு ஓடி டச்டவுன் போட்டாலும் நிம்மதியா கத்த முடியறதில்ல, ரெஃப் ஃபவுல்னு ஃப்ளாக் (மஞ்சத் துணி) போட்டுட்டாரோன்னு மொதல்ல கண்ணு ஸ்கோர் பட்டைல மஞ்சளா ஏதாவது எரியுதான்னு தான் போகுது. ஃபால்ஸ் ஸ்டார்ட் (முந்திக்கிட்டு அசையறது), ஹோல்டிங் (ஆளைப் புடிச்சு நிறுத்தறது), இல்லீகல் ஃபார்மேஷன், அப்பறம் அந்த டார்கெட்டிங் (ஹெல்மெட் உச்சியாலயோ, தலையைக் குறி வெச்சோ மோதறது) ரிவ்யூ, அது முடியறதுக்குள்ள நாலு இன்சூரன்ஸ் விளம்பரம். சரி இத்தனை போடறாங்களே, போட வேண்டிய எடத்துல போடறாங்களான்னா அதுவும் இல்லீங்க. 2025 ஜனவரி 1, டெக்சஸ் கூட பீச் பவுல், சீசன் கடைசில வர்ற பிளேஆஃப் மேட்ச். 24-24, நாலாவது குவார்ட்டர்ல ஒரு நிமிஷம் சொச்சம் தான் பாக்கி, எங்க ஏரிசோனா ஸ்டேட்டுக்கு மூணாவது டவுன் (நாலு முயற்சில மூணாவது), 15 யார்டு வேணும். மெல்குவான் ஸ்டோவல் பாலைப் புடிச்சாரு, டெக்சஸ் சேஃப்டி மைக்கேல் டாஃப் வந்து ஹெல்மெட்டோட ஹெல்மெட் மோதினாரு. ஊரே பாத்துச்சு. ரீப்ளேல உக்காந்து பாத்துட்டு "டார்கெட்டிங் இல்ல"ன்னுட்டாங்க. அவ்வளவுதான், பண்ட் அடிச்சு (பாலை ஒதச்சு) அவங்ககிட்டயே குடுத்தோம், ரெண்டு ஓவர்டைம் போயி 39-31 தோத்தோம். அது மட்டும் ஃபவுல்னு வந்திருந்தா 15 யார்டு, ஃபர்ஸ்ட் டவுன், ஒரு ஃபீல்டு கோல் போதும். பெனால்ட்டி ஏறிட்டே போகுது, தரம் எறங்கிட்டே போகுது, எனக்குத் தோணுறது இதுதானுங்க. நீங்க என்ன சொல்றீங்க?

ஆஸ்டின்_அய்யாச்சாமி:
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. தம்பி, ஓவர்டைம்ல நாலாவது டவுன், 13 யார்டு, உங்க டிஃபென்ஸ் எங்க மேத்யூ கோல்டனை தனியா விட்டுச்சே அதுவும் ரெஃப் பண்ணதா? பாலை எறியற எங்க குவார்ட்டர்பேக் ஈவர்ஸ் போட்டாரு, கோல்டன் புடிச்சாரு, மேட்ச் அங்கதான் போச்சு.

கொங்குக்காளை_டெம்பி:
ஏனுங்க அண்ணா, அந்த நாலாவது டவுனே வந்திருக்காதுன்னு தானே சொல்றேன்.

சென்னைப்பையன்_பர்டூ:
டெக்சஸ் ஆளுங்க ரெஃப் பத்திப் பேசலாமா ப்ரோ 😂 ஜார்ஜியா மேட்ச்ல பாட்டில் எறிஞ்சு ஃப்ளாக்கையே வாபஸ் வாங்க வெச்சவங்க நீங்க.

ஆஸ்டின்_அய்யாச்சாமி:
அந்த மேட்ச் நான் ஸ்டேடியத்துல இருந்தேன், அதனால சொல்றேன். 2024 அக்டோபர் 19. ஜார்ஜியா 23-8 முன்னாடி. எங்க ஜாடே பாரன் அவங்க எறிஞ்ச பாலை இன்டர்செப்ட் பண்ணி ஒம்பது யார்டு வரைக்கும் கொண்டு வந்துட்டான், கத்தி முடிக்கல, பாஸ் இன்டர்ஃபெரன்ஸ்னு (பாலைப் புடிக்க விடாம ஆளைத் தடுத்தான்னு) ஃப்ளாக். பெரிய திரைல ரீப்ளே போட்டாங்க பாரு, எல்லாருக்கும் தெரியுது பாரன் ஒண்ணும் பண்ணலன்னு. அப்புறம் தான் ஸ்டூடன்ட் செக்‌ஷன்ல இருந்து பாட்டில் பறந்துச்சு. அது அசிங்கம், நான் நியாயம் சொல்ல வரல, எங்க கான்ஃபரன்ஸ் (டீம்கள் சேர்ந்த கூட்டமைப்பு) எஸ்ஈசி யூனிவர்சிட்டிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டுச்சு, போடட்டும். ஆனா மைதானத்தைச் சுத்தம் பண்ற நேரத்துல ரெஃப்கள் கூடிப் பேசி ஃப்ளாக்கை எடுத்தாங்க இல்ல, அந்த முடிவு சரியான முடிவு. எடுத்த விதம் தான் நாறிப்போச்சு. ஜார்ஜியா கோச் கிர்பி ஸ்மார்ட் அன்னிக்கே கேட்டாரு, இனிமே பொருளை எறிஞ்சா கால் மாறும்னு ஆயிடாதான்னு. எதிரியா இருந்தாலும் அந்தக் கேள்வி நியாயம். எப்படியும் அந்த மேட்ச் 30-15 நாங்க தோத்தோம், அதை யாரும் சொல்ல மாட்டீங்க.

கருப்புவெள்ளைச்சட்டை:
இழை சூடாகுறதுக்கு முன்னாடி நானும் ரெண்டு வார்த்தை. நான் இங்க ஹைஸ்கூல் மேட்ச்கள்ல லைன் ஜட்ஜா போறவன், வாரநாள்ல ஐடி, வெள்ளிக்கிழமை ராத்திரி விசில். அதனால என்னை "அவங்க ஆளு"ன்னு நெனச்சுக்கிட்டே படிங்க, பரவாயில்ல.

ஃப்ளாக் நெசமாவே அதிகமாயிருக்கான்னு கேட்டா டீமுக்கு டீம், வருஷத்துக்கு வருஷம் ஏறி எறங்கும், ஒரேயடியா மேல போகுதுன்னு சொல்ற அளவுக்கு எனக்குத் தோணல. ஆனா ஒண்ணு இருக்கு. 2023ல கிளாக் ரூலை மாத்தினாங்க, ஃபர்ஸ்ட் டவுன் ஆனதும் கடிகாரம் நிக்கிறது போச்சு, ஒவ்வொரு பாதியோட கடைசி ரெண்டு நிமிஷத்துல மட்டும் தான் இப்ப நிக்கும். அதனால ஒரு மேட்ச்ல மொத்த பிளேயே குறைஞ்சுடுச்சு. பிளே குறையும்போது ஒவ்வொரு ஃப்ளாக்கும் கண்ணை உறுத்தும். அதோட டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (பிளேயர்கள் காலேஜ் மாறுற வழி) வந்த அப்புறம் ஆஃபென்சிவ் லைன்ல வருஷா வருஷம் புதுப் புது ஆளுங்க, பக்கத்துல நிக்கிறவனோட பழகுறதுக்குள்ள செப்டம்பர் போயிடுது, ஃபால்ஸ் ஸ்டார்ட் எப்படி வராம இருக்கும். இது ரெஃப் தப்பு இல்லப்பா.

ஆனா டார்கெட்டிங் விஷயத்துல கொங்குக்காளை கேக்குறதுல ஒரு பாயின்ட் இருக்கு, அதை யாரும் சரியா எழுதினதில்ல. ரூல்புக்ல 9-1-3, 9-1-4னு ரெண்டு பிரிவு. முதல்ல இருக்கறது ஹெல்மெட்டோட உச்சியால முட்டுறது, யாரை முட்டினாலும் ஃபவுல். ரெண்டாவது, தற்காத்துக்க முடியாத நிலையில இருக்குற ஆளோட தலையிலயோ கழுத்திலயோ குறி வெச்சு பலமா மோதுறது, ஹெல்மெட் மட்டும் இல்ல தோள், முழங்கை எதுவானாலும். ரெண்டுலயும் ஒரு வரி இருக்கு: சந்தேகம்னா ஃபவுல். அதாவது களத்துல நிக்கிற எங்களுக்குச் சொல்லிக்குடுக்கறது, டவுட் வந்தா ஃப்ளாக்கைப் போடு. ஆனா மேல ரீப்ளே பூத்ல 2019ல இருந்து விதி நேர் தலைகீழ். ஒவ்வொரு அம்சமும் வீடியோல உறுதியாகணும், ஒண்ணு உறுதியாகலன்னாலும் ரத்து. அதுக்கு முன்னாடி "களத்து முடிவு நிக்குது"ன்னு நடுவுல ஒரு வழி இருந்துச்சு, அதை எடுத்துட்டாங்க. இப்ப பாருங்க, கீழ இருக்குறவன் சந்தேகத்துல போடுவான், மேல இருக்குறவன் சந்தேகத்துல தூக்குவான். டிவி பாக்குறவனுக்கு என்ன தெரியும்? ஃப்ளாக் வந்துச்சு, மூணு நிமிஷம் போச்சு, ஃப்ளாக் போச்சு. பைத்தியக்காரங்க மாதிரி தான் தெரியுவோம்.

நெல்லை_நெய்யப்பம்_கொலம்பஸ்:
அண்ணாச்சி சொல்லுதது சரிதான், ஆனா இதே டார்கெட்டிங்கால வயிறெரிஞ்ச ஊர்க்காரன் நான். 2019 டிசம்பர் 28, ஃபியஸ்டா பவுல், எங்க ஒஹையோ ஸ்டேட் 16-0 முன்னாடி. மூணாவது டவுன்ல எங்க ஷான் வேட் போயி கிளெம்சன் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸை சாக் பண்ணுதான் (பாலை எறியுததுக்குள்ள சாய்க்குதான்), எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைச்சா ரீப்ளேல இருந்து டார்கெட்டிங். வேட் வெளிய, கிளெம்சனுக்கு ஃபர்ஸ்ட் டவுன், அந்த டிரைவ்லயே டச்டவுன். பொறவு மூணாவது குவார்ட்டர்ல ஒக்குடா பாலைத் தட்டிவிட ஃபுல்லர் எடுத்துக்கிட்டு ஓடி டச்டவுன் போட்டான்லா, அதையும் கேட்ச் முழுசா ஆகலன்னு ரத்து பண்ணிட்டாவ. களத்துல ஃபம்பிள்னு (புடிச்ச பாலை விட்டுட்டான்னு) குடுத்தது அது! மாத்தணும்னா மறுக்க முடியாத வீடியோ வேணும்னு சொல்லுதியளே, அந்த வீடியோ எங்கவே? 29-23 தோத்தோம். வேட் மேல போட்டது ரூல் படி சரின்னு கூட ஒத்துக்கிடுதேன், தலையைக் குனிஞ்சு உச்சியால தான் முட்டுனான். ஃபுல்லர் டச்டவுனை எடுத்ததை மட்டும் செத்தாலும் ஒத்துக்கிட மாட்டேன்.

மதுரைக்காரி_சால்ட்லேக்:
நீங்க எல்லாரும் பவுல் மேட்ச்சுக்கு அழுகுறீங்க. எங்களுக்கு வீட்டுக்குள்ளயே அடி. 2024 நவம்பர் 9, யூட்டா - பிஒய்யூ (பிரிகாம் யங் யூனிவர்சிட்டி). நாங்க 21-19 முன்னாடி. அவங்களுக்கு நாலாவது டவுன், அவங்க குவார்ட்டர்பேக் ரெட்ஸ்லாஃப்பை அவங்க கோல் லைன் கிட்ட சாக் பண்ணிட்டோம், மேட்ச் முடிஞ்சுதுன்னு எங்க பக்கம் எல்லாம் எந்திரிச்சு நிக்கிறோம், பந்து போகாத பக்கத்துல டிஃபென்சிவ் ஹோல்டிங்னு ஒரு ஃப்ளாக். அவங்களுக்குப் புது உசுரு. கடைசில நாலு செகண்ட் இருக்கும்போது 44 யார்டு ஃபீல்டு கோல், 22-21. எங்க அத்லெட்டிக் டைரக்டர் மார்க் ஹார்லன் பிரஸ் முன்னாடி வந்து மேட்ச்சை எங்ககிட்ட இருந்து திருடிட்டாங்கன்னே சொன்னாரு. எங்க கான்ஃபரன்ஸ் பிக் 12 என்ன பண்ணுச்சு தெரியுமா, அவருக்கு 40,000 டாலர் அபராதம். ஃப்ளாக் சரியா தப்பான்னு கூட எனக்கு இப்ப முக்கியமில்ல. கேட்டவனுக்கு அபராதம், போட்டவனுக்கு என்னன்னு யாருக்குமே தெரியாது, அதான் எரியுது.

சென்னைப்பையன்_பர்டூ:
அக்கா சொன்னது 💯. கோச் வாயத் தொறந்தா ஃபைன். ரெஃப் தப்பு பண்ணா "உள்ளுக்குள்ள பாத்துக்கிட்டோம்".

கருப்புவெள்ளைச்சட்டை:
அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது தம்பி. 2015 அக்டோபர் 31 மயாமி - டியூக் ஞாபகம் இருக்கா? கடைசி கிக்காஃப்ல எட்டு லேட்டரல் (ஓடிக்கிட்டே பக்கத்துல, பின்னாடி கை மாத்தி விடுறது) போட்டு மயாமி 30-27 ஜெயிச்சது. நடுவுல ஒருத்தனோட முட்டி தரையில பட்டிருக்கு, பாலை விடுறதுக்கு முன்னாடி, ரீப்ளேல அத்தனை நேரம் பாத்தும் விட்டுட்டாங்க. முதுகுல தள்ளினதுக்குப் போட்ட ஃப்ளாக்கையும் எடுத்துட்டாங்க. மறுநாளே அவங்க கான்ஃபரன்ஸ் ஏசிசி மொத்தக் குழுவையும் ரீப்ளே ஆளையும் சேர்த்து ரெண்டு மேட்ச் சஸ்பெண்ட் பண்ணி வெளிப்படையா அறிவிச்சுச்சு. 2016ல ஒக்லஹோமா ஸ்டேட் - சென்ட்ரல் மிச்சிகன், நேரம் முடிஞ்ச அப்புறம் தரக்கூடாத ஒரு பிளேயை தந்துட்டாங்க, அந்த ஒரு பிளேல தூக்கிப் போட்டு சென்ட்ரல் மிச்சிகன் 30-27. அந்தக் குழுவும் சஸ்பெண்ட்.

மதுரைக்காரி_சால்ட்லேக்:
சரிண்ணே, சஸ்பெண்ட் பண்ணாங்க. ஸ்கோர் மாறுச்சா?

கருப்புவெள்ளைச்சட்டை:
மாறல. மாறவும் மாறாது. முடிஞ்ச மேட்ச் முடிஞ்சதுதான்.

நெல்லை_நெய்யப்பம்_கொலம்பஸ்:
அந்தக் காலத்துல நல்லா இருந்துச்சு, இப்பத்தான் கெட்டுப்போச்சுன்னு யாரும் வந்துடாதிய. 1990 அக்டோபர் 6, கொலராடோ - மிசௌரி, கோல் லைன் கிட்ட வெச்சு கொலராடோவுக்கு அஞ்சாவது டவுன் குடுத்தாவ! நாலு தான் கணக்கு, ஒரு சின்னப்பயல் கூட எண்ணிப்புடுவான், ஏழு பெரிய மனுசங்க நின்னு எண்ணத் தெரியல. 33-31 ஜெயிச்சு, அந்த வருசம் ஏபி செய்தி நிறுவனத்தோட ஓட்டுக் கணக்குல தேசிய சாம்பியனும் ஆயிட்டாவ. ரீப்ளே இல்லாத காலம்.

யாழ்_டொரொண்டோ:
வணக்கம் அண்ணையவை, அக்கா. நான் இந்த காலேஜ் விளையாட்டைப் பாக்கத் தொடங்கி கனகாலம் இல்லை, ஒரு சந்தேகம். அந்த டெக்சஸ் மேட்ச்சில பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் பிழை எண்டு திரையில தெரியுது எண்டால் ஏன் ரீப்ளேயில பாத்து மாத்தேல்ல? எங்கட கனடா லீக் சிஎஃப்எல்லில 2014இலேயே கோச்மார் அதைச் சலஞ்ச் பண்ணலாம் எண்டு கொண்டுவந்தவை.

கருப்புவெள்ளைச்சட்டை:
நல்ல கேள்வி. காலேஜ்ல பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் ரிவ்யூக்குள்ள வராது, ஹோல்டிங்கும் வராது. அதனாலதான் அன்னிக்கு ஆஸ்டின்ல "கூடிப் பேசி" எடுக்க வேண்டியதாச்சு. 2018 சீசன்ல செயின்ட்ஸ் - ராம்ஸ் மேட்ச்ல பாஸ் இன்டர்ஃபெரன்ஸைப் போடாம விட்ட கூத்துக்கு அப்புறம் புரொஃபஷனல் லீக் என்எஃப்எல் 2019ல ஒரே ஒரு சீசன் இதை ரிவ்யூ பண்ணிப் பாத்துச்சு. யாருக்கும் திருப்தி இல்ல, அடுத்த வருஷமே எடுத்துட்டாங்க.

யாழ்_டொரொண்டோ:
ஓம், எங்கடையும் அப்பிடித்தான். கோச்மார் எதுவும் கிடைக்குமோ எண்டு சும்மா சும்மா கொடியை எறிஞ்சு, பந்துக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில ஒரு தட்டல் தேடிப் பிடிச்சு, ஆட்டமே இழுபட்டுப் போச்சுது. பிறகு சலஞ்சைக் குறைச்சுப்போட்டினம்.

சென்னைப்பையன்_பர்டூ:
எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. காசு மச்சி காசு. 2018 மே மாசம் சுப்ரீம் கோர்ட் பெட்டிங் தடைய தூக்குச்சு, அந்த கேஸ்லயே எதிர்ப்பக்கம் நின்னது காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ தான். இப்ப மேட்ச் நடுவுலயே பெட்டிங் விளம்பரம். எஸ்ஈசி முழுக்க ஈஎஸ்பிஎன் கையில. இதுல எவன் எந்த ஃப்ளாக் போடுறான்னு...

ஆஸ்டின்_அய்யாச்சாமி:
தம்பி, ஆதாரம் இல்லாம ஒருத்தன் காசு வாங்கினான்னு எழுதாத. தப்பு வேற, திருட்டு வேற.

கொங்குக்காளை_டெம்பி:
காசு வாங்கறாங்கன்னு நானும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த ரெஃப்களுக்கு சம்பளம் குடுக்கறது யாரு? என்சிஏஏ இல்லீங்க. ஸ்டீவ் ஷான்னு ஒருத்தர் தேசிய அளவுல ஒருங்கிணைப்பாளரா இருக்காரு, ரூல்புக்கும் அவர் பொறுப்பு, ஆனா ஆளை எடுக்கறது, எந்த மேட்ச்சுக்கு யாருன்னு போடறது, மார்க் போடறது, தண்டிக்கறது எல்லாம் கான்ஃபரன்ஸ். அந்தக் கான்ஃபரன்ஸுக்கு தன்னோட டீம் பிளேஆஃப் போனா காசு. 2024ல இருந்து பிளேஆஃப்ல 12 டீம். நவம்பர் மாசம் ரேங்கிங்ல இருக்கற டீம் ஒண்ணு, ஒண்ணுமில்லாத டீம் ஒண்ணு, ரெண்டும் ஒரே கான்ஃபரன்ஸ், ரெஃபும் அதே கான்ஃபரன்ஸ். யாரும் தப்பு பண்ண வேண்டாமுங்க, நேர்மையா ஃப்ளாக் போட்டாலும் நம்ப முடியுமா? பவுல் மேட்ச்சுக்கு மட்டும் வேற கான்ஃபரன்ஸ் ஆளைப் போடறாங்க, அப்போ பிரச்சனை இருக்குதுன்னு அவங்களுக்கே தெரியும் தானே.

கிரிக்கெட்ல இதைத் தாண்டி வந்தாச்சுங்க. ஊர் அம்பயர் கதையெல்லாம் நம்ம அப்பா காலத்துல எவ்வளவு கேட்டிருக்கோம். டெஸ்ட் மேட்ச்ல 1994ல ஒரு நியூட்ரல் அம்பயர், 2002ல ரெண்டு பேருமே நியூட்ரல்னு ஐசிசி கொண்டு வந்துச்சு. முடிவு தப்பா வந்தாலும் "அவன் அந்த ஊர்க்காரன்"ங்கற பேச்சு பாதி அடங்குச்சு. இங்க அதைச் செய்ய என்ன தடை?

நெல்லை_நெய்யப்பம்_கொலம்பஸ்:
2006 ஒரேகான் - ஒக்லஹோமா இதுக்கு சரியான உதாரணம்லா. ஒரேகான் ஊர்ல மேட்ச், களத்துலயும் ரீப்ளேலயும் ஒரேகானோட கான்ஃபரன்ஸ் பேக்-10 ஆளுங்க. ஆன்சைடு கிக் (ஒதச்ச டீமே பாலைத் திரும்ப எடுக்கப் பாக்குதது) பத்து யார்டு போகுததுக்கு முன்னாடியே ஒரேகான்காரன் தொட்டுட்டான், போதாததுக்கு கடைசில பால் ஒக்லஹோமா கையில. ரெண்டு தப்பும் ரீப்ளேல தெரியுது. பால் ஒரேகானுக்கு! 34-33. குழுவை ஒரு மேட்ச் சஸ்பெண்ட் பண்ணுனாவ. ரீப்ளேல இருந்த மனுசனுக்கு கொலை மிரட்டல் எல்லாம் போச்சு, பாவம். ஊர் ஆளுங்க வேணும்னே பண்ணுனாவன்னு ஒக்லஹோமால இன்னைக்கும் சொல்லுவாவ.

கருப்புவெள்ளைச்சட்டை:
இதுல நான் கொங்குக்காளை பக்கம். ஆனா தடை என்னன்னு கேட்டீங்க இல்ல, சொல்றேன். காலேஜ்ல மேல்மட்டத்துல ஒரு மேட்ச்சுக்கு எட்டு பேர். ரெஃப்ரி, அம்பயர், சென்டர் ஜட்ஜ், ரெண்டு பக்கக் கோட்டுல ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர். என்எஃப்எல்ல கூட ஏழு தான். இவங்க எல்லாரும் பார்ட் டைம், வாரநாள்ல வக்கீல், வாத்தியார், இன்சூரன்ஸ் ஏஜென்ட். 130க்கு மேல டீம், ஒரு சனிக்கிழமை அறுபது மேட்ச்னு வெச்சா 480 பேர் வேணும், ரீப்ளே தனி. கலிஃபோர்னியா ஆளை ஃப்ளோரிடாவுக்கும் ஃப்ளோரிடா ஆளை ஓரிகானுக்கும் வாரா வாரம் அனுப்பணும். முடியாதுன்னு இல்ல. காசு இருக்கு. 2025 ஜூன்ல வந்த ஹவுஸ் வழக்கு செட்டில்மென்ட் படி ஒரு யூனிவர்சிட்டி பிளேயர்களுக்கே 2025-26ல 20.5 மில்லியன் டாலர் வரைக்கும் நேரடியா குடுக்கலாம்னு ஆச்சு. அதுல ஒரு துளி போதும். ஆனா எந்தக் கான்ஃபரன்ஸ் தன் கையில இருக்குற சாட்டையை இன்னொருத்தன்கிட்ட குடுக்கும்?

இன்னொண்ணு, கீழ இருந்து ஆள் வரல. ஹைஸ்கூல் லெவல்ல 2018-19க்கு அப்புறம் மூணு வருஷத்துல எல்லா விளையாட்டும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் விசிலை வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஏன் தெரியுமா, பதினாலு வயசுப் பையனோட அப்பா பார்க்கிங் லாட்ல கார் வரைக்கும் வந்து திட்டுறான். நானே வாங்கியிருக்கேன். இன்னிக்கு போறவன் தான் பத்து வருஷம் கழிச்சு டிவில வர வேண்டியவன்.

மதுரைக்காரி_சால்ட்லேக்:
அண்ணே திட்டுறது தப்பு, ஒத்துக்குறேன். ஆனா வெளிப்படையா இருந்தா திட்டு குறையும். 2025ல ஏசிசி ரீப்ளே ஆளுங்க பேசுறதை டிவில நேரடியா கேக்க வெச்சாங்க பாத்தீங்களா? அருமை. "இந்த ஆங்கிள் போடு, முட்டி படுதா, படல, சரி களத்து முடிவு நிக்கட்டும்"னு அவங்க யோசிக்கிறது காதுல விழுது. எனக்கு சில முடிவு பிடிக்கல, ஆனா எப்படி வந்தாங்கன்னு தெரிஞ்சுது. பீச் பவுல்ல இது இருந்திருந்தா கொங்குத் தம்பி இத்தனை நாள் புலம்பியிருக்க மாட்டாரு.

கொங்குக்காளை_டெம்பி:
புலம்பியிருப்பேனுங்க அக்கா. ஆனா விவரத்தோட புலம்பியிருப்பேன்.

ஆஸ்டின்_அய்யாச்சாமி:
😄 எஸ்ஈசியும் இப்ப கொஞ்சம் வாயத் தொறக்குது. 2025 செப்டம்பர் 20 ஒக்லஹோமா - ஆபர்ன் பாத்தீங்களா? சடேக்னான்னு ரிசீவர், வெளிய போற மாதிரி சைடுலைன் பக்கம் நடந்து போய் கோட்டுக்கு உள்ளயே நின்னுக்கிட்டான். ஆபர்ன் டிஃபென்ஸ் கவனிக்கவே இல்ல, பால் வந்துச்சு, டச்டவுன். கிளாஸ்ல பேர் கூப்பிட்டதும் பின் கதவால நழுவுற பய மாதிரி. மேட்ச் முடிஞ்ச அப்புறம் எஸ்ஈசி அறிக்கை விட்டுச்சு, அது ஏமாத்து வேலை, 15 யார்டு அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் போட்டிருக்கணும்னு. ஒக்லஹோமா 24-17 ஜெயிச்சது. ஏழு பாயின்ட் வித்தியாசம், கவனிங்க.

சென்னைப்பையன்_பர்டூ:
ஏமாத்துறதுனா ஒரேகான் கோச் டேன் லானிங் தான் தல. 2024ல ஒஹையோ ஸ்டேட் கூட பத்து செகண்ட் இருக்கும்போது ஒரேகான் 12 பேரை இறக்குச்சு. பெனால்ட்டி அஞ்சு யார்டு தான், ஆனா நாலு செகண்ட் கரைஞ்சுடுச்சு. கொலம்பஸ் அண்ணன் மன்னிக்கணும், ஆனா என்னா மூளை.

நெல்லை_நெய்யப்பம்_கொலம்பஸ்:
ஏலே, ரணத்துல உப்பை வைக்காத. 32-31. ஆனா அதுல ரெஃப்களை ஒண்ணும் சொல்லமாட்டேன், ரூல்ல ஓட்டை இருந்துச்சு, அவன் புகுந்தான். நாலு நாள்லயே என்சிஏஏ புது விளக்கம் குடுத்து அடைச்சுட்டாவ, இப்ப அப்படிப் பண்ணுனா கரைஞ்ச நேரத்தைத் திருப்பிக் குடுப்பாவ. நான் கேக்குதது, இதை நாலு நாள்ல அடைக்கத் தெரியுது, டார்கெட்டிங்ல கீழ ஒரு விதி மேல ஒரு விதி இருக்குததை 2019ல இருந்து அடைக்கத் தெரியலையா?

யாழ்_டொரொண்டோ:
இந்தக் காயம் எண்டு விழுந்து நடிக்கிறதுக்கும் இப்ப ரூல் வந்திட்டுதாம், உண்மையோ?

கருப்புவெள்ளைச்சட்டை:
2025ல இருந்து. ரெஃப் பாலை வெச்ச அப்புறம் ஒருத்தன் காயம்னு உக்காந்தா அந்த டீமோட ஒரு டைம் அவுட் போச்சு. டைம் அவுட் கையில இல்லன்னா அஞ்சு யார்டு. காயம் உண்மையா பொய்யான்னு நாங்க மூஞ்சியப் பாத்து தீர்மானிக்க வேண்டியதில்ல, அதனால இது நல்ல ரூல். ரெஃபோட மனசுக்கு வேலை குடுக்காத ரூல் எல்லாம் நல்லா ஓடும். ஹோல்டிங், டார்கெட்டிங், பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் மூணுலயும் தான் மனசு வருது, சண்டையும் அங்கதான் வருது.

ரூல்புக் என்சிஏஏ சைட்ல இலவசமா கிடைக்கும், 9-1-4க்கு கீழ இருக்குற குறிப்பை எல்லாரும் ஒரு தடவை படிங்க. பாய்ஞ்சு எம்புறது, குந்தி எழும்பி மோதுறது, ஹெல்மெட்டையோ முழங்கையையோ முன்னாடி நீட்டிக்கிட்டு வர்றது, தலையைக் குனிஞ்சு உச்சியால முட்டுறது. இதுல ஒரு அறிகுறியாவது இருக்கணும். தலையோட தலை பட்டது மட்டும் போதாது.

கொங்குக்காளை_டெம்பி:
படிச்சுட்டேனுங்க. டாஃப் மோதினதையும் மறுபடி ஸ்லோமோஷன்ல போட்டுப் பாத்தேன். ஸ்டோவல் அப்பத்தான் பாலைப் புடிச்சுத் திரும்பறாரு, தற்காத்துக்க முடியாத நிலை. டாஃப் ஹெல்மெட் தான் முன்னாடி வருது. ரெண்டும் இருக்குது. டார்கெட்டிங்.

ஆஸ்டின்_அய்யாச்சாமி:
தலை நிமிர்ந்து தான் வர்றான் தம்பி, எம்பவும் இல்ல. இல்லவே இல்ல.

கொங்குக்காளை_டெம்பி:
அண்ணா 9-1-4க்கு தலையைக் குனியணும்னு அவசியமே இல்லீங்க, அது 9-1-3. புக்கைத் தொறந்து பாருங்க.

ஆஸ்டின்_அய்யாச்சாமி:
இரு, டவுன்லோடு ஆகுது.